ஷெட்டுக்குள் வேண்டாம், ஆற்று மணலில் ஊதலாம்

கேள்வி (2021 ஆடி மாதம், கொரோனா காலத்தில் வந்தது):

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலத்திலிருந்து பேண்ட் செட் வைத்திருக்கிறோம். மொத்தம் பதினான்கு பேர். டிரம்பெட் நான்கு, கிளாரினெட் மூன்று, யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவி இரண்டு, சாக்ஸபோன் ஒன்று, மீதி டிரம்மும் தாளமும். கொரோனாவுக்காக அரசு 2021 ஏப்ரல் 10-ஆம் தேதி திருவிழாக்களை நிறுத்தியதிலிருந்து ஒன்றாகச் சேர்ந்து ஊதவே இல்லை. இப்போது ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது. பழகாமல் போய் நின்றால் செட்டின் பெயர் கெட்டுவிடும். எங்கள் மாடியில் தகர ஷெட் ஒன்று இருக்கிறது. சத்தம் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கலாமா? மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படி ஊதுவது? கிளாரினெட் வாசிக்கும் பெரியவருக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது. டிரம்பெட் தம்பி ஒருவன் மே மாதம் கொரோனா வந்து ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தான். இவர்களைக் கூப்பிடலாமா? போலீஸ் பிரச்சினை வருமா?

– பேண்ட் மாஸ்டர், குடியாத்தம் வட்டம்

பதில்:

மாஸ்டர், வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கதவு சாத்திய தகர ஷெட்டுக்குள் பதினான்கு பேர் நின்று ஊதக் கூடாது. அரை மணி நேரம்தான் என்றாலும் கூடாது. வெட்டவெளியில், நாலைந்து பேராக, இடைவெளி விட்டு, குறைந்த நேரத்துக்குப் பழகலாம். முழு செட்டும் சேர்ந்து ஊதுவதைக் கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெளியில்தான். காரணத்தையும் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால், நான் இங்கே எழுதாமல் விட்ட இடத்திலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

கொரோனா வந்த புதிதில் கையைக் கழுவுங்கள், மேசையைத் துடையுங்கள் என்றுதான் எல்லாரும் அதிகம் சொன்னோம். கை கழுவுவதை விட வேண்டாம். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பரவுவது மூச்சுக்காற்று வழியாகத்தான். பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வந்துகொண்டே இருக்கின்றன. பெரிய துளி ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். நுண்துளி அப்படி விழாது, காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதக்கும். பீடி சுற்றும் ஊர்க்காரர் நீங்கள், அதையே சொல்கிறேன். மூடிய அறையில் ஒரு மூலையில் ஒருவர் பீடி பிடித்தால் எதிர்மூலையில் இருப்பவர் மூக்கிலும் ஏறும். பிடித்தவர் எழுந்து போன பிறகும் அந்த வாடை நிற்கும். அதே பீடியை மாந்தோப்பில் பிடித்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. நுண்துளியும் இப்படித்தான் பரவுகிறது. ஆகவே ஷெட்டுக்குள் ஆறடி இடைவெளி விட்டு நின்றோம் என்பதில் பாதிப் பாதுகாப்புகூட இல்லை. நேரம் ஆக ஆக எல்லாரும் எல்லாருடைய காற்றையும்தான் இழுக்கிறீர்கள். நீங்கள் ஊதுகிறவர்கள். சாதாரணமாக உட்கார்ந்திருப்பவரைவிட ஆழமாக, வேகமாக இழுப்பீர்கள். இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற பகுதியில் ஒரு பாட்டுக் குழு இருக்கிறது. 2020 மார்ச் 10 அன்று 61 பேர் ஒத்திகைக்கு வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் ஜலதோஷம் மாதிரி இருந்தது. இரண்டரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடினார்கள். அதன் பிறகு 53 பேருக்கு நோய் என்று கணக்கெடுத்தார்கள். பரிசோதனையில் உறுதியானது 33, அறிகுறிகளை வைத்துச் சொன்னது 20. மூன்று பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். இது டெல்டா என்ற புதிய கொரோனா வகை பரவுவதற்கு முந்தைய கதை. 2021-இல் நம் ஊரில் சுற்றிய டெல்டா அதைவிட வேகமாகப் பரவக்கூடியது.

அவர்கள் பாடினார்கள், நாங்கள் ஊதுகிறோம், வாத்தியத்துக்குள் போகிற காற்றுதானே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2020-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இசைக்கலைஞர்களை வைத்தே அளந்து பார்த்தார்கள். எல்லா வாத்தியமும் ஒன்றுபோல இல்லை. நீளமான, வளைந்த குழாயுள்ள டியூபாவிலிருந்து வருகிற நுண்துளி சாதாரண மூச்சைவிடக் குறைவு. டிரம்பெட், ஓபோ போன்றவை பேச்சைவிட அதிகம் விடுகின்றன. கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் இரண்டுக்கும் நடுவில். ஓபோ என்பது நம் நாகஸ்வரம் மாதிரி இரட்டை நாக்கு வைத்து ஊதுவது, ஆகவே கோயில் மேளக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வாத்தியத்தின் வாயிலிருந்து காற்று பீரங்கி மாதிரி தூரத்துக்குப் பாய்வதில்லை. ஜெர்மனியில் முனிச் நகரில் ராணுவப் பல்கலைக்கழகத்தார் அளந்தபோது, கொஞ்ச தூரத்திலேயே அந்த வேகம் அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். எனவே எதிரே நிற்பவர் மேல் பாய்கிறதே என்ற பயத்தைவிட, அறையில் சேர்ந்துகொண்டே போகிறதே என்பதுதான் பெரிய கவலை. உங்களிடம் டிரம்பெட் நான்கு இருக்கிறது. சிறிய ஷெட், மேலே தகரம், சத்தத்துக்காக மூடிய கதவு. வேறு என்ன சொல்ல?

இனி, எங்கே பழகுவது? குடியாத்தத்துக்காரர்களுக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது. கௌண்டன்யா ஆற்று மணலோ, பாலாற்றுப் பக்கமோ, தெரிந்தவர் தென்னந்தோப்போ, மாந்தோப்போ எது கிடைத்தாலும் சரி. வெளியிடத்தில் பரவல் மிகக் குறைவு. உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தொற்றுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே வெளியிடத்தில் நேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இது ஆடி மாதம் வேறு. அம்மியை நகர்த்தும் காற்று என்று நாம் சொல்வது உங்களுக்கு இப்போது உதவியாக இருக்கும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை போதும். வேலூர் வெயிலில் அதற்கு மேல் பித்தளையைக் கையில் பிடிக்கவும் முடியாது, பெரியவர்களுக்கு மயக்கமும் வரும். குடிக்கத் தண்ணீர் அவரவர் பாட்டிலில் கொண்டுவரட்டும். ஒரே சொம்பைச் சுற்றி விடுவது இப்போதைக்கு நிற்கட்டும்.

எப்படி நிற்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வழக்கமாக நீங்கள் செட்டுக்கு எதிரே முகம் பார்த்து நிற்பீர்கள், இல்லையா? அப்படி நின்றால் பத்து ஊதுகருவிகளும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இருக்கும். மாஸ்டர்தான் செட்டிலேயே அதிக ஆபத்தில் நிற்பவர். ஆகவே ஓரமாக, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், முகக்கவசத்தோடு. மற்றவர்கள் அரைவட்டமாக வேண்டாம். பக்கவாட்டில், எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து, ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் விட்டு நிற்கட்டும். காற்று வரிசைக்குக் குறுக்கே போகவேண்டும். வரிசை நீளத்துக்கு வீசினால் முதல் ஆளின் மூச்சு கடைசி ஆள்வரை போகும். ஒரு பிடி மணலை எடுத்துத் தூவிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

இடைவெளி அதிகமானால் தாளம் இழுக்கிறதே என்று தோன்றும். அது உங்கள் பிழை இல்லை. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் அடி கிட்டத்தட்ட வினாடியில் 34-இல் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். இசைக்காரர் காதுக்கு அந்த இழுப்பு தெரியும். அதனால் பேஸ் டிரம்மை ஓரத்தில் விடாமல் வரிசையின் நடுவில், ஓரடி பின்னால் நிறுத்துங்கள். ஐந்து பேர் மட்டும் நின்றால் இந்தப் பிரச்சினையே வராது. சிறு குழுவாகப் பழகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு வாத்தியம் தெரியாது. ஆனால் எங்கள் மருத்துவமனைக்கு வரும் கலைஞர்களிடம் கேட்டவரை, நல்ல செட்டுகள் எல்லாம் முன்பிருந்தே பிரித்துத்தான் பழகும். டிரம்பெட் நாலு பேர் ஒரு நாள், கிளாரினெட்டும் சாக்ஸபோனும் மறுநாள், யூபோனியம் இன்னொரு நாள். டிரம்காரர்கள் வாயால் ஊதுவதில்லை, முழுநேரமும் முகக்கவசம் போட்டுக்கொண்டு அடிக்கலாம். அவர்களுக்குத் தனி நாள் வையுங்கள். நீங்கள் முதலில் டிரம்மையும் மெட்டையும் சேர்த்து ஒரு செல்போனில் பதிவுசெய்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொருவரும் வீட்டில் காதில் ஹெட்போன் மாட்டி அதோடு சேர்ந்து ஊதிப் பழகட்டும். வீடியோ காலில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊதலாமா என்று சிலர் முயன்று பார்த்தார்கள். அது சரிவராது. நான் மேலே சொன்ன தாமதத்தைவிடப் பல மடங்கு தாமதம் செல்போன் வழியில் வரும், ஒருவர் தாளம் மற்றவருக்குப் பிந்திப் போய்விடும். பதிவு செய்து அனுப்புவதே உத்தமம். கல்யாணத்தில் நீங்கள் ஊதும் பாட்டுகள் உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. விரலும் உதடும் பழக்கம் விட்டுப்போயிருக்கும், மெட்டு மறந்திருக்காது. உதட்டையும் விரலையும் சரிசெய்ய வீடே போதும். எங்கே சேர்ந்து எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும்தான் ஒன்றுகூட வேண்டும். அதனால் ஒன்றுகூடும் நேரத்தை நீங்கள் நினைப்பதைவிட வெகுவாகக் குறைக்கலாம்.

ஒரு தடவைக்கு அரை மணி நேரம், பிறகு பத்து நிமிடம் கலைந்து நிற்பது. மறுபடி ஒரு அரை மணி. அவ்வளவுதான். அமெரிக்காவில் இசைப் பள்ளிகளுக்காக கொலராடோ, மேரிலாண்ட் பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆய்வில் அறைக்குள் பழகுபவர்களுக்கும் இந்த அரை மணிக் கணக்கையே சொன்னார்கள். அதற்குப் பிறகு அறைக் காற்று முழுக்க மாறும்வரை வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். அவர்களிடம் காற்றை மாற்றும் இயந்திரங்கள் இருந்தன. நம்மிடம் வானம் இருக்கிறது.

மாஸ்க் கேள்விக்கு வருகிறேன். ஊதும்போது போட முடியாது, சரி. ஆனால் ஒத்திகையில் வாய் வாத்தியத்தில் இருக்கும் நேரம் பாதிகூட இருக்காது. மீதி நேரம் பேசுவது, சிரிப்பது, நீங்கள் சொல்லிக் கொடுப்பது. அந்த நேரம் முழுக்க முகக்கவசம் மேலே இருக்கவேண்டும். கழுத்தில் தொங்கவிட்டுக் கடைசிவரை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் எல்லா இடத்திலும் பார்ப்பது. வாத்தியத்தின் வாய்க்கு உறை போடுவதும் நல்லது. டிரம்பெட், யூபோனியம் வாயில் நெருக்கமாக நெய்த துணியை மூன்று மடிப்பாக, ரப்பர் வைத்துத் தைத்து மாட்டலாம். குடியாத்தத்தில் துணிக்கும் தையல்காரருக்கும் என்ன குறை? சத்தம் கொஞ்சம் மந்தமாகும், ஆனால் நுண்துளி குறையும். கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் இதனால் முழுப் பலன் இல்லை. காற்று கீழ் வாயில் மட்டுமல்ல, துளைகளிலும் உதட்டோரத்திலும் கசியும். அதனால் கிளாரினெட்காரர்களுக்கு உறையைவிட இடைவெளிதான் முக்கியம்.

வாத்தியத்துக்குள் சேரும் தண்ணீரை மண்ணில் உதறிக் கொட்டுவது பழக்கம். அதை நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு பழைய துணி அல்லது மூடியுள்ள டப்பா வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்குப் போனதும் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஊதுவாயையும் ரீடையும் (கிளாரினெட், சாக்ஸபோனின் நாக்கு) ஒருவருடையதை ஒருவர் வாங்கிப் பார்ப்பது அறவே கூடாது. புதிய பையன்களுக்கு ஒரே டிரம்பெட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சொல்லித்தருகிறீர்கள் என்றால், அந்தப் பாடம் இரண்டு மாதம் தள்ளிப் போகட்டும்.

இப்போது ஆட்களைப் பற்றிப் பேசுவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

பெரியவருக்கு 63 வயது, சர்க்கரை. கொரோனா வந்தால் ஆபத்து அதிகமுள்ள ஆள் அவர். தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டு, இரண்டாவது டோஸுக்குப் பிறகு 14 நாள் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர் வீட்டிலிருந்தே பழகட்டும், கடைசி ஒத்திகைக்கு மட்டும் வந்து காற்று வரும் பக்க ஓரத்தில் நிற்கட்டும். "என்னை ஒதுக்குகிறாயா?" என்று அவர் வருத்தப்படக் கூடும். நீங்கள் நேரில் போய், முற்றத்தில் நின்று, விவரமாகப் பேசுங்கள். பதிவுசெய்த பாட்டைக் கேட்டு எங்கே சுருதி விலகுகிறது என்று சொல்ல அவரைவிட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வேலையை அவரிடம் கொடுங்கள். கூடவே, அவருடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். ஊரடங்கில் பலர் மாத்திரையை விட்டிருக்கிறார்கள்.

தடுப்பூசியைப் பற்றி இன்னும் தயங்குகிறவர்கள் செட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு வெளிநாட்டுக் கணக்கு வேண்டாம், நம் வேலூர்க் கணக்கையே சொல்லுங்கள். சி.எம்.சி. மருத்துவமனை தன்னுடைய ஊழியர்களையே வைத்து, 2021-இன் இரண்டாவது அலையின் நடுவே ஆய்வு செய்தது. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்று வருவது 65 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதம், ஆக்சிஜன் தேவைப்படுவது 92 சதவீதம், தீவிர சிகிச்சைக்குப் போவது 94 சதவீதம் குறைந்திருந்தது. தினமும் நோயாளிகளோடு நின்றவர்களுக்கே இவ்வளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. 2021 ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேல் எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். 2021-இல் இருந்த விதிப்படி, கோவிஷீல்டு என்றால் அடுத்த டோஸுக்கு 12 முதல் 16 வாரம் இடைவெளி, கோவாக்சின் என்றால் நான்கு முதல் ஆறு வாரம். இன்று முதல் டோஸ் கோவிஷீல்டு போட்டால் ஆவணிக்குள் இரண்டாவது வராது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். முகாமில் எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற ஏற்பாடுகளைத் தளர்த்தாமல் இருங்கள்.

ஆக்சிஜன் வைத்துப் பிழைத்த தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதல் விஷயம், இரண்டு மாதம் ஆகிவிட்ட பிறகு அவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது. செட்டில் யாராவது அவனைத் தள்ளி வைத்தால் நீங்கள் தடுத்துப் பேசவேண்டும். கவலைப்பட வேண்டியது அவனால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பது இல்லை, ஊதுவதால் அவன் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதுதான். டிரம்பெட்டில் மேல் ஸ்தாயி பிடிக்கும்போது வாய்க்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் வெகுவாக ஏறுகிறது. நிமோனியா கண்ட நுரையீரல் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். ஆறாத இடத்தில் அழுத்தம் கொடுத்தால் சிலருக்கு நுரையீரலிலிருந்து காற்று வெளியே கசிந்து நெஞ்சறையில் தேங்கிவிடும். அது உயிருக்கே ஆபத்து. அதனால் வாத்தியத்தைக் கையில் எடுப்பதற்கு முன் அவனை ஒரு மருத்துவர் பார்க்கவேண்டும். மார்பு எக்ஸ்ரே ஒன்று, பிறகு ஆறு நிமிட நடைப் பரிசோதனை. விரலில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டி, ஆறு நிமிடம் தொடர்ந்து நடக்கவைத்துப் பார்ப்பார்கள். நடந்த பிறகு அளவு 94-க்குக் கீழே போனாலோ, ஆரம்பத்தில் இருந்ததைவிட மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ அவன் இப்போதைக்கு ஊதக் கூடாது. வேலூரிலும் குடியாத்தத்திலும் அரசு மருத்துவமனையிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

மருத்துவர் சரி என்று சொன்னபிறகும் நேராகப் பாட்டுக்குப் போகவேண்டாம். கீழ் ஸ்தாயியில் நீண்ட சுரங்கள், மெதுவாக, ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. ஒரு வாரம் தொந்தரவு இல்லையென்றால் பத்து நிமிடம். மேல் ஸ்தாயியை ஒரு மாதத்துக்கு மறந்துவிடட்டும். ஆவணியில் அவனுக்கு இரண்டாம் டிரம்பெட் பாகத்தைக் கொடுங்கள், அல்லது தாளம் பிடிக்கட்டும். கூலிப் பங்கு மட்டும் குறையக் கூடாது. திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினால், படபடப்பு அடங்காமல் இருந்தால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருப்பார்கள், அதனால் சர்க்கரை ஏறியிருக்கக்கூடும், அதையும் பார்க்கவேண்டும். முகத்தில் ஒரு பக்கம் வலியோ வீக்கமோ, மூக்கிலிருந்து கறுப்பாக ஏதாவது வருவதோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கறுப்புப் பூஞ்சை நோயில் ஒவ்வொரு நாளும் கணக்கு. தடுப்பூசியைப் பொறுத்தவரை, நோயிலிருந்து தேறி மூன்று மாதம் ஆனபிறகு போடச் சொல்லி 2021 மே மாதமே அறிவித்திருந்தார்கள். அவன் ஆகஸ்டு கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, காய்ச்சல் வந்தவன் வராமல் இருக்கவேண்டும். இதைச் சொல்வது சுலபம். நெற்றியில் வெப்பமானியைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த நோய் அறிகுறி காட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும், அந்தக் கருவி அதைச் சொல்லாது. ஆகவே தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, லேசான சளி, வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இதில் எது இருந்தாலும் அவர் அன்று வரக்கூடாது, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளைகள் தினக்கூலிக்காரர்கள். மூன்று மாதமாக ஆர்டர் இல்லை. அரிசி அட்டைக்கு அரசு இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? இரண்டு கல்யாண ஆர்டர் வந்திருக்கும்போது, தொண்டை வலிக்கிறது என்று ஒருவன் வாயைத் திறந்து சொன்னால் அவன் பங்கு போய்விடும் என்றால், அவன் சொல்லமாட்டான். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் ஒத்திகை தொடங்கும் முன்பே பதினான்கு பேரையும் வைத்து ஒரு முடிவு எடுங்கள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருப்பவனுக்கு அந்த ஆர்டரின் பங்கு முழுதாகப் போய்ச் சேரும். முழுதாக முடியாது என்றால் பாதியாவது. இதை உரக்கச் சொல்லுங்கள், சந்தேகமில்லாமல் சொல்லுங்கள். நான் இந்தப் பதிலில் எழுதிய இடைவெளி, காற்று, துணி உறை எல்லாவற்றையும்விட இந்த ஒரு ஏற்பாடு உங்கள் செட்டைக் காப்பாற்றும். ஆர்டர் கொடுப்பவரிடமும் பேசிவிடுங்கள்: "யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பத்துப் பேரோடு வருவோம், தொகையில் குறைக்க வேண்டாம்." இந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதுதானே பாதுகாப்பு. உங்கள் செட்டோடு பம்பையும் தப்பும் வாசிக்கும் தம்பிகள் யாராவது இருந்தால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

போலீஸ் விஷயம். 2021 ஜூலை 5 முதல் இருந்த உத்தரவுப்படி கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர். கலை நிகழ்ச்சி, விழா என்று மக்கள் கூடுவதற்குத் தடையும் அதில் இருந்தது. பேண்ட் ஒத்திகை என்று தனியாக எந்த வரியும் இல்லை. ஆனால் ஆற்றில் பதினான்கு பேர் நின்று ஊதினால் ஊரே வேடிக்கை பார்க்க வரும், அது கூட்டமாகிவிடும். அதற்கும் சிறு குழுவும் விடியற்காலையும்தான் வழி. தொடங்கும் முன் உங்கள் காவல் நிலையத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துச் சொல்லிவிட்டு வாருங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை. உத்தரவு ஒரு வாரம் இரண்டு வாரம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது, ஆவணி வரும்போது மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் 2020-இலிருந்தே நடப்பில் இருந்தது. இன்னொன்று, அந்த 50 பேருக்குள் நீங்களும் அடக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்றைக்கு மண்டப வாசலில் சங்கடமாகிவிடும். சாவு ஆர்டரை இப்போதைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. 20 பேரில் பதினான்கு பேர் நீங்களே என்றால் உறவுக்காரர் எங்கே நிற்பார்கள்? மே மாதத்தில் எத்தனையோ பேரை ஒரு மேளச் சத்தம்கூட இல்லாமல் அனுப்பினோம். அது உங்களை எவ்வளவு வதைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டாயம் போகவேண்டிய வீடு என்றால் டிரம் இருவர், டிரம்பெட் ஒருவர், தெருவில் நின்று வாசித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆற்று மணலில் இவ்வளவு கவனமாகப் பழகிவிட்டு, கல்யாணத்துக்குப் போகும்போது பதினான்கு பேரும் ஒரே வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போனால் பட்ட பாடெல்லாம் வீண். அந்த வேன் உங்கள் ஷெட்டைவிடச் சின்னது. இரண்டு வண்டியாகப் பிரியுங்கள், அல்லது பக்கத்து ஊர் என்றால் பைக்கில் போங்கள். வேன்தான் என்றால் எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருக்கட்டும், எல்லார் முகத்திலும் முகக்கவசம், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்மை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினால் மண்டபத்தின் சின்ன அறையில் மொத்தமாக நின்று சட்டை மாற்றும் வேலை இல்லை. மண்டபத்துக்கு உள்ளே வாசிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஊதிய களைப்போடு பந்தியில் எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றி இலைக்கு இலை ஒட்டி உட்காருவீர்கள், அதுதான் அன்றைக்கு மிகப் பெரிய ஆபத்து. சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித்தரக் கேளுங்கள். வேப்பமர நிழலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம். கல்யாணம் முடிந்து 14 நாளைக்குள் யாருக்காவது காய்ச்சலோ வாசனை தெரியாமல் போவதோ இருந்தால் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், மற்ற பதின்மூன்று பேருக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.